வேட்டைத் துப்பாக்கிக்கு மாற்றுக் கட்டை பொருத்தல்

பயிரை விளைவிப்பது ஒரு பாடு. விளைந்த பயிரைக் காப்பது மற்றொரு பாடு. கரும்பு, நிலக்கடலை, மரவள்ளி முதலியவற்றைக் காட்டோரங்களில் சாகுபடி செய்யும் குடியானவர்களுக்கு இந்த இரண்டாவது பாடு நன்கு தெரியும். அவர்களில் சிலர் முறைப்படி லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கின்றனர். தகப்பன், பாட்டன் காலத்திலிருந்து வழிவழியாக வந்த ரைபிள்களும் சில வீடுகளில் உண்டு. இவற்றின் குழலும் போல்ட்டும் நூறு வருஷம் உழைக்கக் கூடியவை. ஆனால் அவற்றைத் தாங்கும் மரக்கட்டை அவ்வளவு காலம் தாங்குவதில்லை. எண்ணெய் ஊறியும், செல் அரித்தும், வெயிலில் வெடித்தும், மழையில் ஊதியும் அது கெடுகிறது. கெட்ட கட்டையைச் செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டி வைப்பது பல இடங்களில் வழக்கமாயிருக்கிறது. இது ஆபத்தான வழக்கம். பழைய கட்டையை நீக்கிப் புதிய கட்டை பொருத்துவது எவ்வாறு, அதில் கவனிக்க வேண்டியவை யாவை என்பன இங்கே கூறப்படும்.

சட்டம் கூறுவது

வேலையைத் தொடங்கு முன் சட்டத்தை அறிதல் அவசியம். இந்தியாவில் 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு, லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைச் செய்வதையும் விற்பதையும் மட்டுமன்றி, பழுது பார்ப்பதையும் தடுக்கிறது. ஆகையால் ஊர்த் தச்சர் எவ்வளவு கைதேர்ந்தவராயினும், ரைபிளை அவரிடம் கொடுத்துக் கட்டை மாற்றச் சொல்வது தகாது. லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கம்மியரே இவ்வேலையைச் செய்தல் வேண்டும். அவரிடம் துப்பாக்கியைக் கொண்டு செல்ல உடையவரால் இயலாவிட்டால், அவருடைய எழுத்து மூலமான அதிகாரம் பெற்ற ஒருவர், தமக்கு லைசென்ஸ் இல்லாவிடினும், பழுது பார்ப்பதற்காக எடுத்துச் செல்லலாம் என்று அச்சட்டத்தின் 3 ஆம் பிரிவு இடந்தருகிறது. வாய்ச்சொல் போதாது; கடிதம் வேண்டும். துப்பாக்கியின் உறுப்புகளும் ஆயுதம் என்னும் சொல்லில் அடங்கும் என்று சட்டம் வரையறுத்திருப்பதால், அயல்நாட்டிலிருந்து கட்டை வரவழைக்க எண்ணுவோர் முன்னதாக லைசென்ஸ் அதிகாரியிடம் கேட்டுத் தெளிதல் நன்று.

கிராம அதிகாரிகள் நினைவில் வைக்க வேண்டியது மற்றொன்று உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று சட்டம் முதலில் எண்ணுவது வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையே. அது போதாதென்று லைசென்ஸ் அதிகாரி கண்டால், உட்புறம் வழவழப்பான குழலையுடைய வேறு துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். குழலினுள் திருகு வரி வெட்டப்பட்ட ரைபிளுக்கு வேறு தக்க காரணம் காட்டியே லைசென்ஸ் பெற வேண்டும். லைசென்ஸ் இருப்பதனால் மட்டும் காட்டுப் பன்றியைச் சுடும் உரிமை வந்துவிடாது. 1972 ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி, நிற்கும் பயிருக்கு அபாயமாகிவிட்ட விலங்கைக் குறித்து, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ எழுத்து மூலம் அனுமதி அளித்தல் வேண்டும்.

வேலை செய்பவர் கம்மியரேயாயினும், அதன் முறையை உடையவர் அறிந்திருப்பது மிகவும் பயனுடையது. அறிந்தவரை ஏமாற்றுவது கடினம். அறியாதவர் கையிலுள்ள நல்ல துப்பாக்கியும் கெடும்.

கட்டையின் தொழில்

கட்டை என்பது துப்பாக்கியைப் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி மாத்திரம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதன் தொழில்கள் மூன்று. முதலாவது, வெடிக்கும்போது எழும் பின்னுதைப்பை வாங்கித் தோளுக்குச் சமமாகப் பரப்புவது. இரண்டாவது, ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் குழலையும் உடலையும் பழைய இடத்திலேயே திரும்ப அமரச் செய்வது. மூன்றாவது, சுடுபவர் கன்னம் வைத்த மாத்திரத்தில் கண் குறிக்கு நேராக நிற்கும்படி செய்வது. இவற்றுள் இரண்டாவது தவறினால், காகிதத்தின் தடிப்பளவு அசைவும் தூரத்தில் பல அங்குலப் பிசகாக முடியும். மார்பில் பட வேண்டிய குண்டு வயிற்றில் படும். காயம்பட்ட பன்றி கரும்புக்குள் ஓடி மறைந்து, மறுநாள் அங்கே களை எடுக்கப் போகும் கூலியாட்களின்மேல் பாயும். கட்டையின் குற்றம் ஓர் உயிரோடு முடிவதில்லை.

லீ-என்பீல்டு வகை

எடுத்துக்காட்டாக இங்கே கொள்ளப்படுவது லீ-என்பீல்டு வகை. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வகுத்த போல்ட் அமைப்பை அடிப்படையாகக் கொண்டு, இங்கிலாந்தின் என்பீல்டு தொழிற்சாலையில் உருவான ரைபிள் இது. இதன் பெயர்பெற்ற மூன்றாம் மாதிரி 1907 ஆம் ஆண்டு வெளிவந்தது. வங்காளத்து இஷாப்பூரிலும், ஆஸ்திரேலியாவின் லித்கோவிலும் இவ்வகை ரைபிள்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. பட்டாளத்துத் தோட்டாவான .303 பொதுஜனங்களுக்குத் தடுக்கப்பட்டிருந்தமையால், இந்தியாவில் இதே அமைப்புக்கு .315 அளவுத் தோட்டா பொருத்தி வேட்டை ரைபிள் செய்தனர். லைசென்ஸ்தாரர் பலரிடம் இன்றும் இருப்பது இந்த .315 ரைபிளே.

இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் இவ்வகை ரைபிள்கள் உபரியாகக் குறைந்த விலைக்கு விற்கப்பட்டன. கானடா, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து தேசங்களின் பண்ணைக்காரர்கள் அவற்றை வாங்கி, குழலின் நுனிவரை நீண்ட பட்டாளத்துக் கட்டையை நீக்கிவிட்டு, பாதியளவு நீளமுள்ள வேட்டைக் கட்டை பொருத்தினர். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துப் பார்க்கர்-ஹேல் கம்பெனி இத்தகைய மாற்றத்திற்குப் பெயர்பெற்றிருந்தது. அமெரிக்காவின் மிசௌரி மாகாணத்தில் வார்சா என்னும் சிற்றூர், பல வகை ரைபிள்களுக்கும் வால்நட் மரக் கட்டைகளைக் கடைந்து அனுப்பும் தொழிலால் புகழடைந்தது. இவ்வாறு துப்பாக்கி செய்த தொழிற்சாலையன்றி வெளியார் செய்து விற்கும் கட்டையே மாற்றுக் கட்டை எனப்படும். அது முக்கால் பங்கு குடைந்த நிலையில் வரும். எஞ்சிய கால் பங்கைக் கம்மியர் துப்பாக்கிக்குத் தக்கபடி செதுக்கிச் சேர்க்க வேண்டும். ஒரே மாதிரியைச் சேர்ந்த இரு துப்பாக்கிகளும் மயிரிழை வேறுபடுமாதலால், வாங்கியவுடன் பொருந்தும் கட்டை அரிது.

மரமும் அளவும்

கட்டைக்கு உகந்தது நன்கு உலர்ந்த வால்நட். கனம் குறைவு, உதையைத் தாங்கும் உறுதி, எளிதில் முறுக்கிக்கொள்ளாமை என்னும் மூன்றும் அதற்கு உண்டு. எம்மரமாயினும் பச்சை மரம் ஆகாது. கைப்பிடியின் ஒடுங்கிய இடத்தில் மரவரி நீளவாட்டில் ஓடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அங்கே வரி குறுக்கே வெட்டுமாயின் அக்கட்டை என்றேனும் ஒருநாள் ஒடிவது திண்ணம். கணுவுள்ளதும் உளுத்ததும் தள்ளத் தக்கவை.

விசையிலிருந்து கட்டையின் கடைசிவரை உள்ள நீளம் சுடுபவரின் கைக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும். பெரும்பாலோருக்கு 13 முதல் 14 அங்குலம் வரை பொருந்தும். நீளம் மிகுந்தால் தூக்கும்போது கட்டை கக்கத்தில் தட்டும். குறைந்தால் பெருவிரல் மூக்கில் இடிக்கும். பட்டாளத்து ரைபிளுக்கே இதனால் நான்கு நீளங்களில் பின்கட்டைகள் செய்தனர். சாதாரண அளவுக்கு அரை அங்குலம் மிகுந்தது ஒன்று, அரை அங்குலம் குறைந்தது ஒன்று, ஓரங்குலம் குறைந்தது ஒன்று. கட்டையின் கடைசியில் ரப்பர்த் தகடு வைப்பதாயின் அதன் தடிப்பையும் இந்நீளத்தில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கழற்றும் முறை

முதல் வேலை தோட்டாக்களை நீக்குவது. தோட்டாப் பெட்டியைக் கழற்றி, போல்ட்டை உருவி எடுத்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்தபின்னரே வேறு எதையும் தொடலாம். தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். ஒரு துப்பாக்கியின் போல்ட் அதற்கென்றே சேர்த்தது. கம்மியர் பட்டறையில் அது வேறொன்றோடு மாறிவிடாதபடி எண்ணைக் குறித்துக்கொள்வது உடையவர் கடமை.

லீ-என்பீல்டுக் கட்டை இரண்டு துண்டுகளாலானது. குழலுக்குக் கீழே இருப்பது முன்கட்டை. தோளில் வைப்பது பின்கட்டை. பின்கட்டையின் உட்புறம் நீளமான துளை ஒன்று உண்டு. அதன் வழியே செல்லும் நெடுந்திருகு, பின்கட்டையை உடலின் இரும்புக் குழியோடு இறுக்கிப் பிடிக்கிறது. பழைய மாதிரியில் இந்நெடுந்திருகின் முனை சதுரமாயிருந்து, இரும்புக் குழிக்கு அப்பால் நீண்டு, முன்கட்டையிலுள்ள ஒரு தகட்டில் புகுந்து நிற்கும். திருகு தளர்ந்துவிடாமல் காப்பதற்காக இவ்வாறு அமைத்தனர். இதனை அறியாதவர் முன்கட்டை இருக்கும்போதே நெடுந்திருகைத் திருப்பத் தொடங்குகின்றனர். சதுர முனை திரும்பும்போது தகட்டைப் புரட்டி, முன்கட்டையின் பின்பாகத்தைப் பிளந்துவிடுகிறது. ஆகையால் எப்பொழுதும் முன்கட்டையை முதலில் நீக்கி, பின்னரே பின்கட்டையைத் தொட வேண்டும். பூட்டும்போது இம்முறை தலைகீழாகும்: பின்கட்டை முதல், முன்கட்டை பின்.

முன்கட்டை பொருத்துதல்

வேலையில் நுணுக்கமான பாகம் இதுவே. துப்பாக்கி வெடிக்கும்போது உடல் பின்வாங்குகிறது. முன்கட்டையும் அதனோடு செல்ல வேண்டும். அந்த வேகத்தைத் தாங்குவதற்கு முன்கட்டையின் பின்பாகத்தில் வலத்தும் இடத்தும் ஒவ்வொரு முகம் உண்டு. இரு முகங்களும் இரும்பின்மேல் சமமாகப் படிய வேண்டும். ஒன்று மட்டும் படிந்து மற்றொன்று விலகி நின்றால், முழு வேகமும் ஒரு பக்கத்தில் விழுந்து மரம் பிளக்கும். இதன் முக்கியத்தைத் தொழிற்சாலைகளே உணர்ந்திருந்தன. லித்கோவில் வால்நட்டுக்குப் பதிலாக மெதுவான உள்நாட்டு மரங்களைக் கொண்டபோது, இம்முகங்களில் செப்புத் தகடு பதித்தனர். இஷாப்பூரில் முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகு செலுத்திப் பிளவைத் தடுத்தனர்.

படிவைக் கண்ணால் மதிப்பிடுவது போதாது. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து இரும்பின்மேல் மெல்லத் தடவி, கட்டையில் அழுத்தி எடுத்தால், எங்கே தொடுகிறதோ அங்கே மரத்தில் கரி ஒட்டும். கரி ஒட்டிய மேட்டை மட்டும் கூரிய உளியால் சீவி, மீண்டும் கரி தடவிப் பார்க்க வேண்டும். இவ்வாறு முப்பது நாற்பது தடவை செய்யவும் நேரலாம். பொறுமையற்றவர் ஒரே சீவலில் ஆழமாக வெட்டிவிடுவர். சீவிய மரம் திரும்ப வளராது.

விசைக்காப்பின் முன்திருகு முன்கட்டையை ஊடுருவி உடலைப் பிடிக்கிறது. அத்திருகைச் சூழ்ந்து ஒரு சிறு இரும்புக் குழாய்த் துண்டு இருக்கும். பழைய கட்டையைக் கழற்றும்போது இது தரையில் விழுந்து தொலைவது சகஜம். தொலைந்தால் இல்லாமலே பூட்டிவிடுவோரும் உண்டு. அது பெரும் பிழை. திருகை எவ்வளவு இறுக்கினாலும் மரம் நசுங்காமல், இரும்போடு இரும்பு முட்டி நிற்பதற்காகவே அத்துண்டு இருக்கிறது. அது நீளமானால் கட்டை தளர்ந்து ஆடும். குட்டையானால் அல்லது இல்லாவிட்டால் மரம் நசுங்கும்.

விசையும் மரமும்

இக்குழாய்த் துண்டின் அருமை மேலும் ஒன்றால் விளங்கும். பழைய மாதிரி லீ-என்பீல்டில் விசை உடலில் தொங்கவில்லை, விசைக்காப்பில் தொங்குகிறது. விசைக்காப்போ முன்கட்டையின் அடியில் இருக்கிறது. ஆகவே மரம் நசுங்கினாலும், சித்திரை வெயிலில் சுருங்கினாலும், ஐப்பசி மழையில் ஊதினாலும், அடிப்பானைப் பிடித்து நிறுத்தும் பல்லுக்கும் விசைக்கும் உள்ள இடைவெளி மாறும். இழுப்பு கனத்துவிடலாம், அல்லது தொட்டமாத்திரத்தில் வெடிக்கும்படி இலேசாகிவிடலாம். இக்குறையை நீக்குவதற்காகவே 1949 ஆம் ஆண்டு வந்த நான்காம் எண் ரைபிளின் இரண்டாம் மாதிரியில் விசையை உடலிலேயே தொங்கவிட்டனர். பழைய மாதிரியை உடையவர் கட்டை மாற்றியபின் விசையைச் சோதியாமல் ஒரு தோட்டாவும் ஏற்றலாகாது.

சோதனை எளிது. பட்டாளத்து விதிப்படி இந்த விசைக்கு இழுப்பு இரண்டு: முதலிழுப்பு 3 முதல் 4 ராத்தல் வரை, இரண்டாவது 5 முதல் 6 ராத்தல் வரை. சிறிய தொங்கு தராசைக் கொண்டு இதனை அளக்கலாம். இரண்டு இழுப்புகளும் தனித்தனியே விரலுக்குப் புலப்பட வேண்டும். பின்னர், காலித் துப்பாக்கியின் போல்ட்டைப் பலமுறை வேகமாக மூடியும், மடித்த சாக்கின்மேல் பின்கட்டையைத் தட்டியும் பார்க்க வேண்டும். அடிப்பான் தானாக விடுபடுமாயின் துப்பாக்கியை உடனே கம்மியரிடம் திருப்புதல் வேண்டும். இதில் தாட்சண்யம் கூடாது.

குழலும் கட்டையும்

நுனிவரை நீண்ட பட்டாளத்துக் கட்டையில், நுனியருகே மரம் குழலை இலேசாக மேல்நோக்கித் தாங்கும்படி செய்திருந்தனர். பாதிக் கட்டையில் அந்தத் தாங்கல் இல்லை. ஆகையால் பெரும்பாலும் குழலைக் கட்டை எங்கும் தொடாதபடி விட்டுவிடுவர். ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் மரத்துக்கும் இடையே செருகி இழுத்தால், அது தடையின்றி உடல்வரை வழுக்கி வர வேண்டும். இடையில் சிக்கினால், அவ்விடத்தை வட்டக் குச்சியில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்தல் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தொடும் கட்டை ஈரத்தில் முறுக்கிக்கொண்டு குழலைத் தள்ளும். காலையில் சரியாயிருந்த குறி மாலையில் பிசகும்.

பின்கட்டையின் முனை இரும்புக் குழிக்குள் ஆட்டமின்றி அடங்க வேண்டும். நெடுந்திருகை இறுக்கி முடித்தபின், அதன் சதுர முனை முன்கட்டைத் தகட்டில் நேராகப் புகும் நிலையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நேராக நிற்காவிடில் திருகைத் தளர்த்தி நேராக்குவது தவறு. திருகின் தலைக்கடியில் மெல்லிய வளையம் இட்டு, இறுகிய நிலையிலேயே நேராக்குவது முறை.

ஒற்றைக் கட்டையும் செயற்கைக் கட்டையும்

மௌசர் முதலிய வேறு ரைபிள்களில் முன்கட்டையும் பின்கட்டையும் ஒரே துண்டாயிருக்கும். அங்கே உதையைத் தாங்குவது உடலின் அடியிலுள்ள ஓர் இரும்பு முளை. அம்முளையின் பின்முகம் மரத்தில் முழுமையாகப் படிவதே அதற்கு உயிர்நிலை. இக்காலத்தில் அவ்விடத்தில் ஈபாக்ஸிப் பசையை வார்த்து, இரும்பின் அச்சையே எடுத்துவிடுகின்றனர். இரும்பின்மேல் மெழுகு பூச மறந்தால் துப்பாக்கியும் கட்டையும் பிரிக்க இயலாதபடி ஒட்டிக்கொள்ளும் என்பதைக் கம்மியர்கள் பட்டறிந்தே கற்றிருக்கின்றனர். கண்ணாடி நார் முதலியவற்றால் செய்த கட்டைகள் மழைக்கும் செல்லுக்கும் அஞ்சுவதில்லை. நீர் ஊறி முறுக்கிக்கொள்வதும் இல்லை. ஆனால் மலிவான வார்ப்புக் கட்டைகள் பிடித்து அழுத்தினாலே வளைந்து குழலைத் தொடுவன. வாங்குமுன் கையால் அழுத்திப் பார்ப்பது நலம்.

எண்ணெயும் காப்பும்

மரக்கட்டை பொருந்தியபின் அதற்கு ஆளிவிதை எண்ணெயைச் சிறிது சிறிதாகத் தேய்த்து ஊற வைக்க வேண்டும். ஒரு பூச்சு நன்கு உலர்ந்தபின் மறு பூச்சு. வெளிப்புறம் மட்டும் பளபளத்தால் போதாது. உளி பட்ட உட்புறமும், கடைசித் தகட்டுக்கு அடியிலுள்ள வெட்டு முகமும் ஈரத்தை அதிகம் உறிஞ்சுமாதலால் அங்கேயும் எண்ணெய் ஏற்ற வேண்டும். இரும்புக்கு இடும் எண்ணெயோ மரத்துக்குப் பகை. போல்ட்டுக்கு ஏராளமாக எண்ணெய் விட்டுத் துப்பாக்கியை நிமிர்த்தி மூலையில் சாய்த்தால், எண்ணெய் கைப்பிடிக்குள் வடிந்து மரத்தைச் சோர வைக்கும். பழைய கட்டைகள் பல கெட்டது இதனாலேதான். மிகுந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, குழல் நுனி கீழாக வைப்பது நன்று. தேர்தல் காலங்களில் அதிகாரிகளின் உத்தரவுப்படி ஒப்படைத்த துப்பாக்கி சில வாரம் ஈரமான அறையில் கிடந்து திரும்பக் கூடும். அப்பொழுது திருகுகளையும் காகிதச் சோதனையையும் விசையையும் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசிப் பரீட்சை

புதிய கட்டை பொருத்திய ரைபிளை வயலில் வைத்துப் பரீட்சிப்பது ஆகாது. ரைபிள் குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் கொல்லும் சக்தியுடையது. அனுமதி பெற்ற சுடுதளத்தில், பின்னால் உயர்ந்த மண்மேடு உள்ள இடத்தில், மணல் மூட்டையின்மேல் தாங்கி, 100 கஜத்தில் மும்மூன்று தோட்டாக்களாகச் சுட்டுப் பார்க்க வேண்டும். முதல் மூன்று வெடிக்குப்பின் திருகுகளைச் சோதித்தால் சிறிது தளர்ந்திருக்கும். மரம் தன் இடத்தில் அமர்ந்ததன் அறிகுறி அது. மறுபடி இறுக்கிச் சுட வேண்டும். குண்டுகள் ஓரிடத்தில் கூடி, ஆனால் குறிக்கு அப்பால் விழுந்தால் கட்டை நன்று. பார்வைக் குறியைத் திருத்தினால் போதும். குண்டுகள் சிதறி விழுந்தாலோ கட்டை இன்னும் அமரவில்லை; கரி தடவும் வேலை மீண்டும் தொடங்க வேண்டும். கட்டையைக் கழற்றி, இரு முகங்களிலும் புதுப் பிளவோ நசுக்கமோ உண்டா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் பரீட்சை முற்றுப்பெறும்.

ஏர்க்காலில் மேழி தளர்ந்தால் குடியானவர் அன்றே ஆப்பு வைத்து இறுக்குவார். தளர்ந்த ஏரால் சால் கோணுமென்று அவருக்குத் தெரியும். துப்பாக்கிக் கட்டை தளர்ந்தால் கோணுவது சால் அன்று, குண்டின் வழி. செம்புக் கம்பியைச் சுற்றி அதனை மறைப்பதால் பயனில்லை. உரிய கடிதத்தோடு உரிய கம்மியரிடம் கொடுத்து, அவர் செய்யும் வேலையை இங்கே கூறிய சோதனைகளால் சரிபார்த்து வாங்குவோர், தம் பயிருக்கும், தம் வயலில் வேலை செய்வோர் உயிருக்கும் ஒருங்கே காவல் செய்தவராவர்.